பாலையில் இருவரும் ஒரு வண்டியும்: அறிகுறி கண்டு பழுது நீக்கும் வழிமுறை

நானும் என் கணவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் பாலைநிலங்களின் ஊடே பலமுறை பயணம் செய்திருக்கிறோம். பெரும்பாலான தொலைவை அவர் ஓட்டுவார். நான் பின்னிருக்கையில் இருப்பேன். பழுது நீக்குவதைப் பற்றி எழுதப் பின்னிருக்கையில் இருப்பவளுக்கு என்ன தகுதி என்று சிலருக்குத் தோன்றக்கூடும். பின்சக்கரம், செயின், சுமைப்பெட்டிகள், புகைக்குழாய் ஆகிய நான்கும் எனக்குத்தான் அருகில் இருக்கின்றன. ஓட்டுபவரின் காதிலோ காற்றிரைச்சலும் எஞ்சின் ஓசையும் மட்டுமே நிறைந்திருக்கின்றன. எங்களுக்கு நேர்ந்த தடங்கல்கள் பலவற்றையும் முதலில் உணர்ந்தது என் இடுப்பும் பாதங்களும்தான். ஆகவே இந்த வழிமுறையில் ஒவ்வொரு கோளாறையும், ஓடும் வண்டியில் அது எப்படித் தென்படுகிறதோ அந்த வடிவிலேயே தொடங்கி, காரணத்தை நோக்கிச் செல்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் பத்து நிமிடங்களுக்குச் செய்ய வேண்டியவை ஒன்றுதான். உறுதியான தரை கிடைத்தவுடன் சாலையை விட்டு விலகி வண்டியை நிறுத்த வேண்டும். ஸ்டாண்டு மணலில் புதையாமல் இருக்க அதன் அடியில் ஒரு தட்டையான தகட்டை வைக்க வேண்டும். ஹெல்மெட்டையும் மேலங்கியையும் கழற்றி, வண்டிக்கும் ஊன்றிய ஒரு கம்பிக்கும் இடையே துணியைக் கட்டி நிழல் செய்துகொண்டு, இருவரும் தண்ணீர் குடிக்க வேண்டும். ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். வெயிலில் குனிந்தபடி அவசரமாகத் திருகைக் கழற்றியவர்கள் அந்தத் திருகையே மணலில் தொலைத்துவிடுவது வழக்கம். ஒரு வெளிர்நிறத் துணியை விரித்து, கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே அதில் வைப்பது அந்த இழப்பைத் தடுக்கும்.

அறிகுறி: வண்டியின் பின்பகுதி மெல்ல ஆடுகிறது

இதை ஓட்டுபவர் பெரும்பாலும் பக்கக்காற்று என்று எண்ணிக்கொள்வார். காற்றினால் வரும் ஆட்டம் வண்டி முழுவதையும் ஒரே பக்கமாகத் தள்ளும். டயரில் காற்று இறங்குவதால் வரும் ஆட்டத்தில் முன்பகுதி நேராகச் செல்ல, பின்பகுதி மட்டும் படகின் வால்போல இருபுறமும் நெளியும். எங்களுக்கு முதன்முறை இது நேர்ந்தபோது நான் இருமுறை சொல்லியும் அவர் காற்று என்றே கூறி ஓட்டினார். மூன்றாவது முறை நான் சொல்வதற்குள் ரிம் தரையில் தட்டும் ஓசை கேட்டுவிட்டது. அன்றிலிருந்து பின்னிருப்பவர் நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்துவது என்ற விதியைக் கடைப்பிடிக்கிறோம்.

நிறுத்தியதும் டயரை விரலால் அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. சூடான டயரில் காற்று பாதிக்கு இறங்கியிருந்தாலும் அது கெட்டியாகவே தோன்றும். அழுத்தமானியைக் கொண்டே அளக்க வேண்டும். டயரின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. (டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். ஆகையால் குளிர்ந்த காலையில் 36 வைத்திருந்த டயர் நண்பகலில் 40-ஐத் தாண்டிக் காட்டினால் அது இயல்பு. அந்த நேரத்தில் காற்றைத் திறந்துவிட்டால் மாலையில் டயர் தளர்ந்து நிற்கும். மாறாக, நண்பகலிலும் காலையில் வைத்த அளவையே காட்டினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். இருவரையும் சுமையையும் தாங்கும் டயர் காற்றுக் குறைவாக ஓடும்போது அதன் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து, அதனாலேயே மிகையாகச் சூடேறிக் கிழியவும் கூடும் என்பதால் கசிவைக் கண்டும் ஓட்டக்கூடாது.

டியூப்லெஸ் டயராக இருந்தால் வேலை எளிது. முள்ளையோ ஆணியையோ பிடுங்கிவிட்டு, அது சென்ற கோணத்திலேயே துளையைக் கரட்டுக்கம்பியால் தேய்த்து, ஒட்டுப்பட்டையைச் செருகிக் காற்றடித்தால் போதும். பக்கச்சுவரில் விழுந்த துளைக்கு இது பொருந்தாது. டியூப் உள்ள டயராக இருந்தால் பொறுமை வேண்டும். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் வால்வின் தண்டைப் பாருங்கள்: அது நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், குறைந்த காற்றில் டயர் ரிம்மின் மேல் நழுவி டியூபையும் இழுத்துச் சென்றிருக்கிறது. அப்போது கிழிந்திருப்பது வால்வின் அடிப்பகுதி. அதை ஒட்டு போட்டுச் சரிசெய்ய இயலாது, புதிய டியூப்தான் வழி. இடம் போதாதவர்கள் 21 அங்குல முன்சக்கர டியூப் ஒன்றை மட்டும் வைத்திருந்தால், நெருக்கடியில் அதையே 18 அங்குலப் பின்சக்கரத்திலும் நுழைத்து, மெதுவாக ஓட்டி அடுத்த ஊரை அடையலாம்.

டியூபை மாற்றும்போது பலரும் தவறவிடும் ஒரு படியை நாங்களும் தவறவிட்டோம். ஒரு முள்ளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் புதிய டியூபைப் போட்டுக் கிளம்பினோம். அரைமணி நேரத்தில் பின்பகுதி மறுபடியும் நெளியத் தொடங்கியது. பாலையின் முட்செடிகள் ஒற்றை முள்ளோடு விடுவதில்லை. டயரின் உட்புறம் முழுவதையும் மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டே வந்தால், துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலால் தடவினால் முள் விரலில் ஏறும். உள்ளே ஒட்டியிருக்கும் மணலையும் அதே துணியால் துடைத்துவிட வேண்டும். டயருக்கும் டியூபுக்கும் இடையில் சிக்கிய மணல் அரத்தைப்போல டியூபை அராவிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: பின்சக்கரம் மணலில் இறங்கி நிற்கிறது

எஞ்சின் முழங்குகிறது, வண்டி நகரவில்லை, பின்சக்கரம் தனக்கே குழி தோண்டுகிறது. திருகுபிடியை (ஆக்சிலரேட்டரை) உடனே விட்டுவிட வேண்டும். இன்னும் இரண்டு முறை முயன்று பார்ப்போம் என்று திருகும் ஒவ்வொரு முறையும் வண்டி மேலும் இறங்கி, கடைசியில் எஞ்சினின் அடித்தகடு மணலில் படிந்து சக்கரம் அந்தரத்தில் சுழலும். கிளட்சும் கருகத் தொடங்கும்.

பின்னிருப்பவர் இறங்க வேண்டும். பெட்டிகளையும் இறக்க வேண்டும். இதைச் செய்யச் சோம்பல்பட்டுச் சுமையோடு தள்ளிப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொண்டவள் நான். வண்டியை இருவருமாக மெல்ல ஒரு பக்கம் படுக்க வைத்தால் சக்கரம் குழியிலிருந்து தானே வெளிவந்துவிடும். காலால் மணலைத் தள்ளிக் குழியை மூடி, வண்டியைத் திரும்ப நிமிர்த்தினால் அது சமதரையில் நிற்கும். படுக்க வைக்கும் முன் எரிபொருள் குழாய்க்கு அடைப்புத் திருகு இருந்தால் அதை மூட வேண்டும். நிமிர்த்திய பின் எஞ்சின் ஆயில் தன் இடத்திற்கு வடியச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அடுத்து டயரின் காற்றைக் குறைக்க வேண்டும். ஒருவர் மட்டும் செல்லும் இலகுவான வண்டியில் 15 பி.எஸ்.ஐ. வரை இறக்குவோர் உண்டு. சுமையுள்ள வண்டியில் அவ்வளவு இறக்கினால் மணலில் மறைந்திருக்கும் கல் ரிம்மை நசுக்கிவிடும். நாங்கள் 22-க்குக் கீழே செல்வதில்லை. பிறகு ஓட்டுபவர் வண்டியின் பக்கத்தில் நடந்துகொண்டே முதல் கியரில் எஞ்சினின் துணையால் அதை நகர்த்த, மற்றவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். கெட்டித் தரையை எட்டும்வரை இருவரும் நடப்பதே நல்லது. தார்ச்சாலைக்கு வந்தவுடன் காற்றை மீண்டும் நிரப்ப மறந்தால் முந்தைய அறிகுறிக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

நண்பகலில் மணல்வெளியில் இறங்குவதைத் தவிர்ப்பதற்கு வெப்பத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. சூரியன் உச்சியில் இருக்கும்போது மேடு பள்ளங்களுக்கு நிழல் விழுவதில்லை. தரை முழுவதும் ஒரே நிறமாகி, மென்மணலும் கெட்டித்தரையும் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகின்றன. காலையிலும் மாலையிலும் சாய்ந்த ஒளியில் அதே தரையை ஓலைச்சுவடிபோல வரிவரியாக வாசிக்கலாம்.

அறிகுறி: வெப்பமானி ஏறிக்கொண்டே போகிறது, அல்லது எஞ்சினிலிருந்து கருகல் வாடை வருகிறது

முதலில் காற்றின் திசையைக் கவனியுங்கள். வண்டி செல்லும் திசையிலேயே காற்றும் அதே வேகத்தில் வீசினால், ஓடிக்கொண்டிருந்தாலும் எஞ்சினுக்குக் காற்றே கிடைக்காது. அப்போது கோளாறு ஏதும் இல்லை. நிறுத்தி, வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி வைத்தால் போதும்.

திரவக் குளிர்விப்பு உள்ள வண்டிகளில் மின்விசிறி பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டித் தானாகச் சுழலத் தொடங்கும். வெப்பமானி அதைத் தாண்டியும் விசிறியின் ஓசை கேட்கவில்லை என்றால் அதன் ஃபியூஸையும், அதற்குச் செல்லும் மின்கம்பியின் இணைப்பையும் பார்க்க வேண்டும். விசிறியின் இதழ்களுக்கு இடையில் ஒரு சிறு கல் சிக்கியிருந்தாலே அது நின்றுவிடும். விசிறி சுழன்றும் வெப்பம் தணியவில்லை என்றால் ரேடியேட்டரின் இழைகளில் பூச்சியும் உலர்ந்த சேறும் அடைத்திருக்கக்கூடும். மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் இழைகள் மடிந்துவிடும்.

ரேடியேட்டரின் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. மூடியின் அழுத்தத்தால்தான் உள்ளிருக்கும் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் அழுத்தம் போய், அது ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். பக்கத்தில் இருக்கும் சேமிப்புக் குடுவையின் அளவைப் பார்ப்பதே போதுமானது. எஞ்சின் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பின் அளவு குறைந்திருந்தால் தண்ணீரையே ஊற்றலாம். ஆனால் அது குடிப்பதற்கு வைத்திருக்கும் தண்ணீராக இருந்தால், எவ்வளவு ஊற்றுவது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். காற்றுக் குளிர்விப்பு வண்டிகளுக்கு ஆயில்தான் பாதிக் குளிர்விப்பான். அளவு கீழ்க்கோட்டை ஒட்டியிருந்தால் அதை நிரப்பாமல் கிளம்பக்கூடாது.

அறிகுறி: எஞ்சின் நன்றாக ஓடி, திடீரென்று திணறி நின்று, சற்றுநேரம் கழித்துத் தானே ஓடுகிறது

இந்த அறிகுறிதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. ஸ்பார்க் பிளக்கை மாற்றி, கம்பிகளை ஆராய்ந்து, ஒரு பிற்பகலையே இழந்தோம். காரணமோ, எரிபொருள் டேங்கின் மூச்சுத்துளையில் அடைத்திருந்த ஒரு சிட்டிகை மணல்.

டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் அளவுக்கு உள்ளே காற்று நுழைய வேண்டும். அதற்கென மூடியில் ஒரு நுண்துளையோ கீழே தொங்கும் ஒரு மெல்லிய குழாயோ இருக்கும். அது அடைத்துக்கொண்டால் டேங்கினுள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் இறங்குவது படிப்படியாகக் குறைந்து எஞ்சின் பட்டினி கிடக்கும். நின்ற சற்றுநேரத்தில் காற்று எப்படியோ கசிந்து நுழைந்துவிடுவதால் வண்டி மீண்டும் ஓடும். சோதனை எளிது: எஞ்சின் திணறி நின்றவுடன் டேங்கின் மூடியைத் திறங்கள். காற்றை உறிஞ்சும் ஓசை உஸ்ஸென்று கேட்டு, அதன் பின் எஞ்சின் உடனே உயிர் பெற்றால் காரணம் இதுவே. துளையை மெல்லிய கம்பியால் குத்தி, குழாயை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்த ஊர்வரை மூடியை அவ்வப்போது திறந்து மூடியும் சமாளிக்கலாம். மணல் பறக்கும்போது திறந்தால் அடைப்பு டேங்குக்குள் இடம் மாறும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

ஓசை கேட்கவில்லை என்றால் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில் எஞ்சினுக்கு அருகே செல்லும் எரிபொருள் குழாய் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, அந்த ஆவிக்குமிழே வழியை அடைத்துவிடும். ஈரத்துணியைக் குழாயின்மேல் சுற்றிக் காத்திருந்தால் சரியாகும். எரிபொருளைப் பீய்ச்சும் வகை வண்டிகளில் பம்பு டேங்கினுள்ளேயே மூழ்கியிருந்து பெட்ரோலால் குளிர்ச்சி பெறுகிறது. டேங்க் காலியாகும் நிலையில் அந்தக் குளிர்ச்சி குறைந்து பம்பு தளர்வதுண்டு. கடும் வெயிலில் கால்வாசிக்குக் கீழே டேங்கை இறங்கவிடாமல் இருப்பது இதற்கும் நல்லது, தொலைவுக் கணக்குக்கும் நல்லது. எதிர்க்காற்றிலும் மென்மணலிலும் வண்டி வழக்கத்தைவிட வெகுவாகக் கூடுதலாகக் குடிக்கும்; தார்ச்சாலையில் கண்ட மைலேஜை வைத்துப் பாலையில் கணக்குப் போடக்கூடாது.

வண்டி நியூட்ரலில் ஓடி, கியர் போட்டதும் நின்றுவிட்டால் அது வேறு அறிகுறி. சைட் ஸ்டாண்டின் பாதுகாப்புச் சுவிட்சில் மணல் புகுந்து, ஸ்டாண்டு இன்னும் இறக்கியே இருப்பதாக வண்டி எண்ணிக்கொள்கிறது. தூரிகையால் தட்டி, ஸ்டாண்டைப் பத்துமுறை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் தீரும். வண்டி சிறிதும் அசையாமல் மௌனமாக இருந்தால், எதையும் கழற்றும் முன், கைப்பிடியில் எஞ்சினை அணைப்பதற்கென உள்ள கில் சுவிட்சைப் பாருங்கள். அனுபவசாலிகளும் அதை மறந்து அரைமணி நேரம் வியர்த்ததுண்டு. யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

அறிகுறி: எஞ்சின் முழங்குகிறது, இழுவை இல்லை

இதில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். எஞ்சினின் சுழற்சி விர்ரென்று ஏறியும் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. சுழற்சியே மேலே ஏறாமல் மந்தமாகி, புகைக்குழாயில் கறுப்புப் புகை தென்பட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது.

கிளட்ச் நழுவுவது பெரும்பாலும் மணலில் அரைக்கிளட்சில் வெகுநேரம் ஓட்டியதன் விளைவு. தட்டுகள் மிகையாகச் சூடாகி, பிடியில் இருந்த தளர்வு மறைந்து, கையை விட்ட பின்னும் கிளட்ச் முழுமையாகப் பற்றாமல் நிற்கும். அரைமணி நேரம் ஆறவிட்டு, கேபிள் வகையாக இருந்தால் பிடியின் அருகே உள்ள திருகைச் சுழற்றிச் சிறிது தளர்வு கொடுத்தால் பல வேளைகளில் பிழைத்துக்கொள்ளும். ஆறிய பிறகும் நழுவினால் தட்டுகள் தேய்ந்துவிட்டன. சமதரையில், உயர்ந்த கியரில், மென்மையாகத் திருகி, அடுத்த பட்டறையை நோக்கிச் செல்வது மட்டுமே மிச்சம்.

மூச்சுமுட்டலுக்குக் காரணம் ஏர் ஃபில்டர். காகித வகையை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஊதித் தட்டினால் ஓரளவு தேறும். வெளியிலிருந்து ஊதினால் தூசி உள்ளே இறங்கும். நுரைப்பஞ்சு வகையைக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டே திரும்பப் பொருத்த வேண்டும். கழுவி எண்ணெயிட்ட இன்னொன்றை ஞெகிழிப்பையில் மூடி உடன் கொண்டுசெல்வது எங்கள் வழக்கம். ஃபில்டரே இல்லாமல் சிறிது தூரம் ஓட்டலாமே என்று ஒருபோதும் எண்ண வேண்டாம். உள்ளே புகும் மணல் சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்து எஞ்சினையே முடித்துவிடும். முன்னால் செல்லும் வாகனத்தின் தூசி அடங்கும்வரை காத்திருந்து செல்வது எந்த ஃபில்டரையும்விடச் சிறந்தது.

அறிகுறி: பாதத்தின் கீழ் நறநறவென்ற அதிர்வு

பின்னிருப்பவரின் கால்மிதிக்கு நேர் அருகே ஓடுவது செயின். மணல் ஒட்டிய செயின் நறநறக்கும். மிகை இறுக்கமான செயின் ஒவ்வொரு பள்ளத்திலும் முனகும். தளர்ந்த செயின் கியர் மாற்றும்போது சுளீரென்று அடிக்கும். ஓசை கேட்டதும் எண்ணெயைத் தேடுவதுதான் இயல்பான தவறு. பிசுபிசுப்பான எண்ணெய் மணலை ஈர்த்துச் செயினை உப்புத்தாளாக்கிவிடும். ரப்பர் வளையங்கள் பொருத்திய செயினுக்குத் தேவையான மசகு உள்ளேயே அடைத்திருப்பதால், மணல்வெளியில் அதை உலர்வாகத் துடைத்து ஓட்டுவதே மேல். தார்ச்சாலையை அடைந்த மாலையில் சுத்தம் செய்து மெல்லிய பூச்சு கொடுக்கலாம்.

இருவர் செல்லும் வண்டிக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. வண்டி காலியாக நிற்கும்போது சரியாக வைத்த செயின், இருவரும் பெட்டிகளோடு ஏறியவுடன் பின்பகுதி தாழ்வதால் இறுகிவிடுகிறது. இறுக்கமான செயின் தன்னையும் ஸ்ப்ராக்கெட்டையும் மட்டும் தேய்ப்பதில்லை, கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டின் பேரிங்கையும் கெடுக்கும். ஆகவே இருவரும் ஏறி அமர்ந்திருக்க, மூன்றாமவர் ஒருவர் செயினின் தளர்வைப் பார்க்க வேண்டும். அந்நிலையிலும் செயின் நடுவில் கொஞ்சம் மேலும் கீழும் அசைய வேண்டும். சக்கரத்தை மெல்லச் சுழற்றி, செயின் மிக இறுகும் இடத்தில்தான் அளக்க வேண்டும்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த வண்டியில் மின்சாரம் மொத்தமும் போய்விட்டது

நெளிநெளியான சரளைச் சாலையில் சில மணி நேரம் ஓடிய பிறகு இது நேர்ந்தால் பத்தில் எட்டு முறை பேட்டரியின் முனைத்திருகு தளர்ந்திருக்கும் என்று என் அனுபவத்தில் துணிந்து சொல்வேன். இருக்கையைக் கழற்றி முதலில் அதை இறுக்குங்கள். அடுத்து முதன்மை ஃபியூஸ். இரண்டும் சரி என்றால் மின்மானியால் அளக்க வேண்டும். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே இருந்தால் தீர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டாவிட்டால் மின்னேற்றம் நடக்கவில்லை. அப்போது கைபேசி மின்னேற்றி, கூடுதல் விளக்கு ஆகியவற்றை எல்லாம் பிடுங்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே ஊர் சேர வேண்டும்.

அதே நெளிசாலை மற்றத் திருகுகளையும் விட்டுவைக்காது. ஒவ்வொரு மாலையும் பெட்டிச்சட்டம், புகைக்குழாய், கண்ணாடி, எண்பலகை ஆகியவற்றின் திருகுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்போக்குகளை ஒரு ஸ்பேனரால் தட்டினால் இறுகியவை கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மட்டும் மந்தமாக ஒலிக்கும். இந்த வேலையை நான் விரும்பிச் செய்வேன்.

அறிகுறி: இன்டர்காமில் (ஓடும்போது இருவரும் பேசிக்கொள்ளும் ஹெல்மெட் கருவியில்) பேச்சு நின்றுவிட்டது

பேட்டரி தீர்ந்திருக்கலாம், கோபமாக இருக்கலாம். பாலையில் மூன்றாவது காரணத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்: வெப்பம் உடலைத் தாக்கத் தொடங்கியிருக்கிறது. வழக்கத்துக்கு மாறான மௌனம், எரிச்சல், சுருக்கமான பதில், தேவையற்ற பிடிவாதம் ஆகியவை தலைவலிக்கும் குமட்டலுக்கும் முன்பே வருபவை. எங்களுக்குள் பாலையில் நடந்த சண்டைகளில் பல, நிழலில் அமர்ந்து அரை லிட்டர் தண்ணீர் குடித்ததும் தலைப்பையே இழந்துவிட்டன.

ஏன் இப்படி அறியாமல் நேர்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. வறண்ட காற்றில் வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துவிடுவதால், வியர்க்கிறோம் என்பதே தெரிவதில்லை. காற்று 35 டிகிரிக்குள் இருக்கும்வரை ஓடும் வண்டியில் அது உடலைக் குளிர்விக்கும். தோலின் வெப்பத்தையும் விஞ்சிச் சூடான காற்று, வேகமாக மோத மோத உடலுக்குள் வெப்பத்தை ஏற்றவே செய்யும். ஆகவே 40 டிகிரியைத் தாண்டிய பின் மேலங்கியைத் திறந்துபோட்டு ஓட்டுவது அடுப்பின் வாயைத் திறந்து அதன் முன் அமர்வதற்கு ஒப்பாகும். வைசரை இறக்கி, மேலங்கியின் காற்றுவழிகளைப் பெரும்பாலும் மூடி, உள்ளே நனைத்த சட்டையை அணிந்துகொண்டால் அந்த ஈரம் மெல்ல உலர்ந்து நெடுநேரம் குளிர்ச்சி தரும். முதலில் கேட்டபோது எனக்கும் இது நம்ப முடியாததாகவே இருந்தது.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் உடலின் உப்பு நீர்த்துப்போய் அதுவும் தலைவலியையும் குமட்டலையும் தரும். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் தேவையான கரைசல் கிடைத்துவிடும். நான்கு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றாலோ அதன் நிறம் அடர்ந்திருந்தாலோ அன்றைய பயணம் அந்த இடத்தில் இடைநிறுத்தப்பட வேண்டும்.

பேச்சு குழறுகிறது, கேள்விக்குப் பொருந்தாத பதில் வருகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அது வெப்பவாதம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். அவசர உதவியை அழைத்துவிட்டு, கனத்த உடைகளைக் களைந்து, உடல் முழுவதையும் நனைத்து, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. வெறுந்தரையில் படுக்க வைக்கவும் கூடாது. வெயிலில் கிடந்த மணலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும் என்பதால், பெட்டிகளையும் உடைகளையும் அடியில் பரப்பி உயரமாகக் கிடத்த வேண்டும். குடிக்கும் நீரைச் சேமிப்பது பற்றி அந்த நேரத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: அடிவானத்தில் பழுப்புச் சுவர் எழுகிறது

மணற்புயல். அதை முந்திவிடலாம் என்று வேகம் கூட்டாமல், சாலையிலிருந்து இயன்ற அளவு விலகி நின்று விளக்குகளை அணைத்துவிட வேண்டும். எரியும் பின்விளக்கைச் சாலையில் ஓடும் வாகனம் என்று நம்பி, பின்னால் வருபவர் நேராக வந்து மோதக்கூடும். வறண்ட ஆற்றுப்படுகையில் ஒதுங்கக்கூடாது. தொலைவில் பெய்த மழை அங்கே வெள்ளமாக வந்து சேரும். எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டரின் வாயைத் துணியால் மூடி, கண்ணுக்குள் அணியும் வில்லைகளைக் கழற்றி, ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி அமருங்கள். வண்டி சாயக்கூடும் என்பதால் அதன்மேல் சாய்ந்து உட்கார வேண்டாம்.

அறிகுறி: வழித்தடம் மறைந்துவிட்டது

கைபேசி வெயிலில் சூடாகித் தானே அணைந்துவிடுவது பாலையில் அன்றாட நிகழ்ச்சி. அதைக் கைப்பிடியிலிருந்து கழற்றி, நிழலில் உள்ள பைக்குள் வைத்தால் சற்றுநேரத்தில் மீளும். ஐஸ் நீரில் நனைத்துக் குளிர்விப்பவர்கள் உள்ளே ஈரம் படியவிட்டு அதை நிரந்தரமாக இழக்கிறார்கள். பின்னிருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓடுதூரமானியின் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு வந்தால், வழி ஐயமானதும் கடைசியாக உறுதியாகத் தெரிந்த திருப்பத்திற்குத் தம் சொந்தச் சக்கரத்தடத்தின்மேலேயே திரும்பிச் செல்ல முடியும்.

அறிகுறி: எதுவும் பயன் தரவில்லை

அனைத்தையும் பார்த்தாயிற்று, வண்டி ஓடவில்லை, பொழுது சாய்கிறது. இங்கே தோன்றும் முதல் எண்ணம், ஒருவர் நடந்து சென்று உதவி தேடுவது, மற்றவர் வண்டிக்குக் காவல் இருப்பது. பாலைத் திணைக்கு உரிப்பொருள் பிரிவு என்று இலக்கணம் வகுத்திருக்கலாம். பழுதான வண்டியோடு நிற்கும் இருவருக்கு அது பொருந்தாது. நடப்பவர் தடுமாறினால் அவருக்குத் துணை இல்லை, இருப்பவருக்கோ அவர் எங்கே என்று தெரியாது. வண்டியைத் தேடுபவர்கள் தொலைவிலிருந்தே கண்டுகொள்வார்கள்; நடந்து செல்லும் மனிதரைக் காண்பது கடினம்.

ஆகவே இருவரும் வண்டியோடு இருந்து, பின்கண்ணாடியைக் கழற்றிச் சூரிய ஒளியைத் தொலைவு நோக்கித் திருப்பி, மூன்று மூன்றாக மின்னச் செய்ய வேண்டும். மூன்று என்பது உலகெங்கும் அபாயக் குறியாகக் கொள்ளப்படுகிறது. இரவில் விளக்கையும் ஒலிப்பானையும் அவ்வாறே பயன்படுத்தலாம். மேகமற்ற வறண்ட வானத்தின்கீழ் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால் பின்னிரவில் குளிர் கடுமையாகும். பகலில் சுமையாகத் தோன்றிய கனத்த மேலங்கியும் கையுறையும் அப்போது போர்வையாகும்.

இடத்தை விட்டுச் சென்றே ஆக வேண்டும், செல்லும் சாலை கண்ணுக்குத் தெரிகிறது, தொலைவும் உறுதியாகத் தெரியும் என்றால், விடியலுக்கு முன் இருவரும் சேர்ந்தே கிளம்ப வேண்டும். தண்ணீர், நிழல்துணி, விளக்கு, மருந்து ஆகியவற்றைத் தவிர வேறெதையும் சுமக்க வேண்டாம். கிளம்பிய நேரம், செல்லும் திசை, இருவரின் உடல்நிலை, கையில் உள்ள தண்ணீரின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, காற்றில் பறக்காதபடி ஞெகிழிப்பையில் இட்டு, ஓட்டுபவரின் இருக்கையின்மேல் பட்டைக்கயிற்றால் கட்டி வையுங்கள்.